மதுரையில் சத்தமில்லாத இடம் எங்கே இருக்கிறது?

மதுரைக்காரர்களுக்கு அமைதி என்றாலே கொடைக்கானல்தான். நாலு நாள் லீவு கிடைத்தால் போதும், வத்தலக்குண்டு வழியாக மலையேறிவிடுவார்கள். மதுரையில் பாதிப் பேர் அன்றைக்கு அங்கேதான் இருப்பார்கள். வண்டி நிறுத்த இடம் தேடி, ஏரியைச் சுற்றும் கூட்டத்தில் இடிபட்டு, இறங்கும்போது மறுபடியும் வரிசையில் நின்று, போனதைவிட அதிக அசதியோடு வீடு திரும்புவார்கள்.

அந்தப் பெட்ரோல் செலவு இல்லாமலே அமைதி கிடைக்கும் இடங்கள் மதுரையைச் சுற்றி இருக்கின்றன. சில இடங்கள் டவுன் பஸ் போகும் தூரம்தான். பெரிய அருவியோ பூங்காவோ படகோ அங்கே கிடையாது. பாறை, கண்மாய், கொஞ்சம் மரம், அவ்வளவுதான். ஆனால் அரை மணி நேரம் ஹாரன் சத்தம் கேட்காமல் உட்கார்ந்திருக்கலாம். இரவு 2 மணிக்கும் டீக்கடையில் பாட்டு ஓடும் தூங்கா நகரத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்கிறது 2000ஆம் ஆண்டின் மத்திய அரசு ஒலி மாசு விதி. பெரியார் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு இந்த விதியைப் படித்தால் சிரிப்புதான் வரும்.

சமணர்கள் கண்டுபிடித்த இடங்கள்

மதுரையில் அமைதியான இடம் தேடியவர்களில் நமக்குத் தெரிந்த முதல் ஆட்கள் சமணத் துறவிகள். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் இங்குள்ள குன்றுகளில் தங்கியிருக்கிறார்கள். மதுரையைச் சுற்றியுள்ள இப்படிப்பட்ட சமணக் குன்றுகளை ‘எண்பெருங்குன்றம்’ என்று சொல்வது மரபு.

அவர்கள் இடம் தேர்ந்தெடுத்த விதத்தைக் கொஞ்சம் கவனித்தால், இன்று நமக்கும் அது பயன்படும். துறவிகளுக்கு ஊர்ச் சத்தம் ஆகாது. ஆனால் சாப்பாட்டுக்கு ஊரை விட்டால் வழியில்லை. அதனால் நடந்து போய்த் திரும்பும் தூரத்தில், ஊர்க் கண்ணில் படாத மறைவில் இடம் வேண்டும். மழைக்காலம் நான்கு மாதமும் ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்பது சமண விதி. எனவே நனையாத இடமாகவும் பக்கத்தில் சுனை உள்ள இடமாகவும் இருக்க வேண்டும். இத்தனையும் பொருந்துவது மதுரைப் பக்கத்துக் குன்றுகளில் பாறை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குகைத்தளங்களில்தான். தரையில் கல் படுக்கை வெட்டி, தலை வைக்கும் இடத்தை மேடாக விட்டிருக்கிறார்கள். மழைநீர் உள்ளே வழியாமல் இருக்கப் பாறை நெற்றியில் நீளமாகக் காடி வெட்டியிருக்கிறார்கள்.

பெரிய பாறை ஒன்று நமக்கும் சாலைக்கும் நடுவே நின்றால், வெயிலுக்கு நிழல் விழுவது போலச் சத்தத்துக்கும் நிழல் விழும். மலையின் இந்தப் பக்கம் லாரி இரைச்சல் காதைத் துளைக்கும்; அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தால் தவிட்டுக்குருவி கத்துவது கேட்கும். மதுரையில் அமைதி தேடுபவர்களுக்கு இதுதான் முதல் பாடம். வெகுதூரம் போக வேண்டாம், மலைக்கு அந்தப் பக்கம் போனால் போதும்.

கீழக்குயில்குடி: குளக்கரையிலேயே உட்காரலாம்

தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை அருகே இடதுபுறம் திரும்பினால் கீழக்குயில்குடி. ஊருக்கு முன்பாகவே சமணர் மலை தெரியும். அடிவாரத்தில் அய்யனார் கோயில், அதன் முன்னால் தாமரைக் குளம், கிளை விரித்து நிற்கும் ஆலமரம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் மலையேற வேண்டாம். குளக்கரையிலேயே ஒரு காலைப் பொழுதைக் கழிக்கலாம்.

ஏற முடிந்தவர்களுக்குப் பாறையில் வெட்டிய படிகள் இருக்கின்றன. கொஞ்ச தூரத்தில் பேச்சிப்பள்ளம். சுனை ஒன்றின் அருகே, பாறைச் சுவரில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். ஐந்து தலை நாகம் குடை பிடிக்கும் பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி, மகாவீரர் என்று அடையாளம் காணலாம். சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில், அவற்றைச் செய்து கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. காலம் 9, 10ஆம் நூற்றாண்டு. இன்னும் மேலே போனால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் மிச்சமிருக்கிறது.

மலையின் இன்னொரு பக்கத்தில் செட்டிப்பொடவு. பொடவு என்றால் குகை. உட்கார்ந்த நிலையில் உள்ள பெரிய தீர்த்தங்கரர் உருவத்தைப் பார்த்து, ஊர்க்காரர்கள் யாரோ செட்டியார் என்று நினைத்து வைத்த பெயர் அது. குகைக்குள் தலையைத் தூக்கிப் பார்த்தால், சிங்கத்தின் மேல் அமர்ந்து யானை வீரனோடு சண்டையிடும் பெண் உருவம் ஒன்று தெரியும். இந்தப் பக்கம் கூட்டம் குறைவு. அமைதி தேடி வருபவர்கள் இங்கேயே தங்கிவிடலாம்.

காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் மதுரையில் மேற்குக் காற்று பலமாக வீசும். கீழக்குயில்குடி நகருக்கு மேற்கே இருப்பதால் அந்த நாட்களில் நகரச் சத்தத்தைக் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விடும்.

யானைமலை: நகரத்தின் வாசலில்

மேலூர் சாலையில் ஒத்தக்கடை வந்தால், படுத்திருக்கும் யானை போன்ற பாறை கண்ணை நிறைக்கும். சுமார் 3 கிலோமீட்டர் நீளம். ஒரு பக்கம் வேளாண் கல்லூரி, இன்னொரு பக்கம் நரசிங்கம் ஊர், கொஞ்ச தூரத்தில் உயர் நீதிமன்றக் கிளை. இத்தனைக்கும் நடுவில் அமைதியா என்று தோன்றும்.

நரசிங்கம் ஊரில் மலையைக் குடைந்து கட்டிய நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி கி.பி. 770இல் எடுத்த கோயில் அது. வேலை முடிவதற்குள் அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முடித்துக் குடமுழுக்கு செய்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. சனிக்கிழமைகளிலும் விசேஷ நாட்களிலும் இங்கே கூட்டம் இருக்கும். மற்ற நாட்களில் காலையில் வந்து, அருகே உள்ள சமணச் சிற்பங்கள் வரை படியேறினால் போதும். சிற்பங்களின் மேல் பழைய வண்ணப் பூச்சின் மிச்சம் இன்னும் தெரிகிறது. மலை உச்சியிலும் கல் படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் உண்டு. அந்த ஏற்றம் செங்குத்தானது. வழி தெரிந்தவர்கள் துணை இல்லாமல் போகக் கூடாது.

இந்த மலைக்கு 2010இல் ஓர் ஆபத்து வந்தது. யானைமலையைச் சிற்ப நகரமாக மாற்றலாம் என்று ஒரு திட்டம் பேசப்பட்டது. சுற்று வட்டார ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில்தான் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் ‘பசுமை நடை’யைத் தொடங்கினார். விடுமுறை நாள் காலையில் குடும்பம் குடும்பமாக இந்தக் குன்றுகளுக்கு நடந்து போய், வரலாறு கேட்டுவிட்டு வரும் வழக்கம் மதுரையில் பரவியது இதனால்தான். அதுவரை சமணர் மலையைப் பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்த பலர், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதன்முறையாக ஏறினார்கள்.

அரிட்டாபட்டி: மீட்டெடுத்த அமைதி

மேலூர் வட்டத்தில், மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர். கண்மாய்களும் சுனைகளும் நிறைய. அவற்றில் ஆனைகொண்டான் கண்மாய் முக்கியமானது. கழிஞ்சமலையில் தமிழிக் கல்வெட்டும் மகாவீரர் சிற்பமும் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளி, பாறையைக் குடைந்த சிவன் கோயில். அங்கே கையில் தடியோடு அமர்ந்திருக்கும் இலகுலீசர் சிற்பம் தமிழ்நாட்டில் அரிதாகக் காணக் கிடைப்பது.

வேட்டைப் பறவைகளைப் பார்க்கவும் இங்கே வருகிறார்கள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிப் பருந்து மூன்றும் இந்தக் குன்றுகளில் உண்டு. மொத்தம் 250 வகைப் பறவைகள் வரை பதிவாகியுள்ளன. தேவாங்கும் அழுங்கும் மலைப்பாம்பும் வாழ்கின்றன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊர்களிலும் சேர்த்து 193.42 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாடு அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் இது.

மீனாட்சிபுரம் மலையைத்தான் மாங்குளம் மலை என்றும் சொல்கிறார்கள். 1882இல் ராபர்ட் சீவெல் இங்குள்ள குகைத்தளங்களில் கல்வெட்டுகளைக் கண்டார். தமிழில் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளில் இவை சேரும். கணி நந்தாசிரியன் என்ற துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணியாளர் செய்து கொடுத்த கல் படுக்கை பற்றி ஒன்று சொல்கிறது. ஒரு துறவி அமைதியாக உட்கார ராஜாவின் ஆட்களும், வெள்ளறை என்ற ஊரின் வணிகர்களும் செலவு செய்திருக்கிறார்கள்.

2024 நவம்பரில் இந்தப் பகுதிக்குப் பெரிய சோதனை வந்தது. அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்களை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியை மத்திய அரசு ஏலம் விட்ட செய்தி வெளியானது. பரப்பு 2,015 ஹெக்டேருக்கு மேல். கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்திலும் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரை ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே வந்தார்கள். வயதான பெண்களும் விவசாயிகளும் கோஷம் போட்டுக்கொண்டு வந்த அந்த ஊர்வலத்தில் மேலூர் சாலை முழுக்கச் சத்தம்தான். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து செய்யப்பட்டது.

இன்றைக்கு அரிட்டாபட்டிப் பாறை மேல் உட்கார்ந்து வல்லூறு வட்டமிடுவதைப் பார்ப்பவர்கள் அனுபவிக்கும் அமைதி, அந்தச் சத்தத்தால் மிஞ்சியது.

எல்லா மலைகளுக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. மேலூர் வட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் பல குன்றுகளை அறுத்துக் கொண்டுபோய்விட்டன. அதை விசாரிக்க உயர் நீதிமன்றம் 2014இல் உ. சகாயம் ஐ.ஏ.எஸ்.ஸை நியமித்தது தமிழ்நாடே அறிந்த கதை. கீழவளவில் சமணப் படுக்கைகள் உள்ள பஞ்சபாண்டவர் மலை மட்டும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக நிற்கிறது. சுற்றிலும் குவாரிப் பள்ளங்களில் பச்சை நிறத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். பார்க்க அழகாக இருக்கும். பிள்ளைகளை இறங்க விட்டுவிடாதீர்கள். கரை செங்குத்து, ஆழம் தெரியாது.

ஒரு சதுர அங்குலம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ‘ஹோ’ என்ற மழைக்காடு இருக்கிறது. குளிர்ப் பிரதேச மழைக்காடு. ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை. மதுரையில் பெய்வது அதில் கால் பங்குதான். மரங்கள் எல்லாம் பாசி போர்த்தி நிற்கும். இயற்கை ஒலிகளைப் பதிவு செய்யும் கார்டன் ஹெம்ப்டன் என்பவர், 2005இல் அந்தக் காட்டுக்குள் ஒரு மரக்கட்டையின் மேல் சின்னச் சிவப்புக் கல் ஒன்றை வைத்தார். அந்த ஒரு சதுர அங்குல இடத்தில் மனிதர்கள் உண்டாக்கும் சத்தம் எதுவும் கேட்காமல் காப்பாற்றுவோம் என்றார். ஒரு அங்குலத்தில் சத்தம் கேட்கக் கூடாது என்றால், அதைச் சுற்றிப் பல மைல் தூரத்துக்கு விமானம் பறக்கக் கூடாது. அதுதான் அவர் கணக்கு.

அதே கணக்கை அவருக்கு முன்பே போட்டு வைத்திருக்கும் ஊர் ஒன்று நம் பக்கத்தில் உண்டு.

வேட்டங்குடி: வெடி இல்லாத தீபாவளி

மதுரையிலிருந்து மேலூர் தாண்டித் திருப்பத்தூர் போகும் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் வந்தால், சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்கள் சேர்ந்தது. 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நத்தைக்குத்தி நாரை, சாம்பல் நாரை, பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், கொக்கு வகைகள் என்று மழை நன்றாகப் பெய்த வருடம் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்கள் வெள்ளையாகப் பூத்தது போல இருக்கும்.

பறவைகள் வந்து கூடு கட்டும் நேரமும் தீபாவளியும் ஒட்டி வரும். வெடிச் சத்தத்தில் பறவைகள் மிரண்டு கூட்டை விட்டுப் போய்விடும் என்பதால், இந்த ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கோயில் விழாவிலும் வெடி கிடையாது. இதற்காக வனத்துறை ஊருக்கு இனிப்பு வழங்குவது வழக்கம். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் சரம் கொளுத்தும்போது இந்த ஊர்ப் பிள்ளைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் முடிவெடுத்தாலும் ஆசையை அடக்குவது பிள்ளைகள்தான்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. மழை பொய்த்த வருடம் கண்மாய் வறண்டிருக்கும். போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோயில் காடு: செருப்பைக் கழற்றி விட்டு

வேட்டங்குடி போலவே ஊர்க் கட்டுப்பாட்டால் பிழைத்த இன்னொரு வகை இடம் கோயில் காடு. ஒத்தக்கடைக்கு அப்பால் இடையப்பட்டியில் உள்ள வெள்ளிமலைக் கோயில் காட்டில் உசிலை மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. அழகர் மலைக்கு அந்தப் பக்கம், திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோயில் காடு. 5 ஹெக்டேர்கூட இல்லாத அந்தக் காட்டை 2025 மார்ச்சில் அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அரிட்டாபட்டிக்கு அடுத்து மாநிலத்தில் இரண்டாவது.

கோயில் காடுகளில் சாமிக்குப் பயந்து யாரும் கிளை ஒடிப்பதில்லை, விறகு பொறுக்குவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெறுங்காலோடு நடக்கும்போது வேகம் தானாகக் குறையும், பேச்சும் குறையும். இவை சுற்றுலாத் தலங்கள் இல்லை, கும்பிடும் இடங்கள். ஊர்ப் பெரியவர் யாராவது “எங்கிட்டுப் போறீங்க?” என்று கேட்பார். நின்று, வணக்கம் சொல்லி, விவரம் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. பெரும்பாலும் அவரே வழி காட்டுவார். ‘இன்றைக்கு வேண்டாம்’ என்றால் திரும்பிவிட வேண்டும்.

போகும் முன் கவனிக்க

* நேரம்: காலை 6 மணிக்கு அடிவாரத்தில் இருங்கள். 9 மணிக்குள் இறங்கிவிடலாம். சித்திரை, வைகாசியில் பாறை 8 மணிக்கே சுட ஆரம்பித்துவிடும். ஐப்பசி முதல் மாசி வரை நல்ல காலம். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும்.
* நாள்: ஞாயிறைவிட வார நாள் நல்லது. பௌர்ணமி, அமாவாசை, திருவிழா நாட்களில் கோயில் உள்ள மலைகளில் கூட்டம் இருக்கும்.
* தண்ணீர், தின்பண்டம்: மேலே கடை கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் குரங்கு பிடுங்கும், பைக்குள் வையுங்கள். காலி பாட்டிலும் கவரும் திரும்ப வீட்டுக்கு வர வேண்டும்.
* தேனீ: பாறை விளிம்புகளில் மலைத்தேனீ கூடு இருக்கும். புகை போடுவதும் கல் எறிவதும் உயிருக்கே ஆபத்து.
* துணை: தனியாகப் போக வேண்டாம். போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். இருட்டும் முன் இறங்கிவிடுங்கள்.
* சிற்பம், கல்வெட்டு: தொடாமல் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் பெயர் கிறுக்கினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.
* போன்: ஸ்பீக்கரில் பாட்டு வேண்டாம். ட்ரோன் விட்டால் கூட்டில் இருக்கும் வல்லூறு பறந்துவிடும். முட்டை வெயிலில் காயும்.

முதல் முறை பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் ஒரு விளையாட்டு வைக்கலாம். ஒரே இடத்தில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, காதில் விழுந்த சத்தங்களை விரல் விட்டு எண்ண வேண்டும். முதல் இரண்டு நிமிடத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்பார்கள். ஐந்தாவது நிமிடத்தில் விரல்கள் போதாது. எத்தனை பறவை, எத்தனை பூச்சி, எங்கோ ஒரு ஆட்டு மணி என்று அவர்களே சொல்வார்கள். இறங்கும்போது, இந்த மலை ஏன் இன்னும் இங்கே இருக்கிறது என்ற கதையையும் அவர்களுக்குச் சொல்லலாம்.